மூன்று தரம் இடித்தவருக்கு ஒரு கையெழுத்து

ஒரு விபத்தும் செய்யாத சாரதிக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுக்க உங்களில் ஒருவரும் தேவையில்லை. அவர் எந்தக் கம்பெனியின் படியிலும் ஏறலாம். உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். முகவர் என்று ஒருவர் தேவைப்படுவது மற்ற ஆளுக்குத்தான். இடித்தவருக்கு, பிரட்டினவருக்கு, நாலு வாசலில் ஏறி நாலிலும் தலையாட்டி அனுப்பப்பட்டவருக்கு.

அப்படி ஒருவர் உங்கள் மேசைக்கு முன்னால் கட்டாயம் வருவார். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருசத்திலேயே எனக்கு ஒருவர் வந்தார். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். காப்புறுதிப் பத்திரம் எழுதுவது எப்படி, வருசக் கட்டுப்பணம் கணக்குப் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். இது வகுப்பில் சொல்ல மறந்த பகுதி.

ஐம்பதுகளின் கடைசி. காப்புறுதித் தொழிலை அரசாங்கம் கையில் எடுக்க முந்திய காலம். கொழும்பில் பெரிதும் சிறிதுமாகப் பல கம்பெனிகள். அவற்றின் முகவர்கள் யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடைக்கு மேலேயும் கடைக்குப் பின்னாலேயும் அறை எடுத்து இருந்தார்கள். எங்களுடையது நடுத்தரமான கம்பெனி. ஒரு மாடி அறை, இரண்டு மேசை, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை.

ஒரு காலை அந்த அறைக்குள் வெள்ளைச் சேட்டும் சாரமுமாக ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். ஆள் நல்ல உயரம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, நான் ஊர்காவற்றுறை. ஹயர் கார் ஓடுறனான். மரியதாஸ் எண்டு பேர்."

பேரைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பட்டணத்துக் காப்புறுதிக்காரர் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மாப்பிள்ளையைக் கடலில் இறக்கின மரியதாஸ் என்றால் பெரியகடைத் தெருவில் சிரிக்காதவர் இல்லை.

நடந்தது இதுதான். பரம்பரையாகக் கடல் தொழில் செய்த குடும்பம். அண்ணன்மார், தம்பிமார் எல்லாரும் வள்ளத்தில் போகிறவர்கள். மரியதாசுக்கு மட்டும் கடல் சரிவராது. வள்ளம் ஆடத் தொடங்கினால் குமட்டி ஓங்காளிக்கத் தொடங்கிவிடுவார். கரையில் நின்று கிழிந்த வலை பொத்தினது போதும் என்று ஒருநாள் முடிவெடுத்து, பாடுபட்டு ஒரு பழைய பச்சை ஒஸ்ரின் காரை வாங்கி, ஊர்காவற்றுறைச் சந்தியில் வாடகைக்கு விட்டார். அந்தத் தீவில் அப்போது கார்கள் அருமை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும், ரெயிலுக்குப் போவதென்றாலும், கலியாணம், செத்தவீடு என்றாலும் ஆட்கள் முதலில் தேடுவது அந்தப் பச்சைக் காரைத்தான்.

அந்தக் கார் வேலணையில் ஒரு வளைவில் மதிலோடு மோதியது. பிறகு அல்லைப்பிட்டியில் ஒரு நாம்பன் மாட்டை இடித்தது. மூன்றாவதுதான் பேர் எடுத்துக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் பெண்வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனபோது, களப்புக் கடலுக்குக் குறுக்கே தீவுக்குப் போட்ட றோட்டான பண்ணைத் தாம்போதியின் ஓரத்தால் சறுக்கிக் கார் களப்புக்குள் இறங்கிவிட்டது. நல்ல காலம், ஆழமில்லை. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை முழங்கால் சேற்றில் நடந்து றோட்டுக்கு ஏறியதைப் பஸ்ஸில் போன சனம் எல்லாம் பார்த்தது.

அதோடு அவருடைய கம்பெனி கையை விரித்துவிட்டது. அடுத்த வருசத்துக்குப் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்தது. இன்னொரு கம்பெனி பேரைக் கேட்டவுடனேயே மறுத்தது. மூன்றாவது ஒரு கம்பெனி ஓம் என்றது. ஆனால் அவர்கள் கேட்ட கட்டுப்பணம் அந்தக் கார் வருசம் முழுக்க உழைக்கிறதை விழுங்கிவிடக்கூடியது. காப்புறுதி இல்லாமல் காரை றோட்டில் இறக்க ஏலாது. பழைய பத்திரம் முடிய இன்னும் சில கிழமைதான் இருந்தது.

"அண்ணன்மார் வள்ளத்தில இடம் வைச்சிருக்கினம் தம்பி," என்றார். அதைச் சொல்லும்போதே அவருடைய முகம் வெளிறியது. "நான் கடலுக்குப் போனால் மூண்டு நாளிலை செத்துப்போவன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. என்ரை மச்சானுக்கு லைசென்ஸ் இருக்கு. ஒரு கீறலும் இல்லாத ஆள். காரை அவரின்ரை பேரிலை மாத்திவிட்டு, அவர்தான் ஓடுறார் எண்டு எழுதினால் குறைஞ்ச காசிலை முடிக்கலாமாம். ஓடுறது நான்தான். ஆருக்குத் தெரியப்போகுது?"

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். சில வேளை உங்கள் பக்கத்து மேசைக்காரரே வந்து காதுக்குள் சொல்லித் தருவார். எனக்கு அந்த மாதம் ஒரு மோட்டார் பத்திரமும் அமையவில்லை. இருந்தாலும் கணக்கு இலகுவானது. அடுத்த தரம் யாரையாவது இடித்தால் பொலிஸ் முதல் கேட்பது ஆர் ஓட்டினது என்பதைத்தான். அந்த நிமிசம் பத்திரம் வெறுங் கடதாசியாகிவிடும். காரும் போய், வீடும் போய், மச்சானும் சேர்ந்து சிறைக்குப் போகவேண்டி வரும். மலிவான காப்புறுதி என்று நாங்கள் விற்றது காப்புறுதியே இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவரும்.

"அண்ணை, உது வேண்டாம்," என்றேன். "உங்கடை பேரிலையே பாப்பம்."

"என்ரை பேரிலையோ?" அவர் சிரித்தார். "என்ரை பேரைக் கேட்டால் நாய்கூடக் குரைக்குது தம்பி."

"நான் ஊர்காவற்றுறைக்கு வாறன். நாளைக்கு."

வருகிறேன் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரியாது. அறைக்குள் இருந்துகொண்டு அந்த மனிதரை விளங்கிக்கொள்ள ஏலாது என்று மட்டும் பட்டது.

அடுத்த நாள் பஸ்ஸில் போய் இறங்கினேன். கோயிலுக்குப் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி சின்ன வீடு. முற்றத்தில் அந்தக் கார் நின்றது. கதவில் ஒடுங்கின இடமெல்லாம் தட்டி எடுத்து, பச்சை பூசி, மினுக்கி வைத்திருந்தார்கள். பிறேக்கை மிதித்துப் பார்த்தேன். ரயரைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்து, வேலணை வரைக்கும் ஓட்டச் சொன்னேன். நல்ல கை. வளைவில் அடக்கி, மாட்டைக் கண்டால் தூரத்திலேயே குறைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் ஓட்டினார். இந்த மனிதர் எப்படி மூன்று தரம் இடித்தார்?

திரும்பி வந்து, வீட்டு விறாந்தையில் இருந்து அதைத்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்ரை காலம் தம்பி" என்றார். குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி ஞானம்மா கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"காலமும் இல்லை, கோதாரியும் இல்லை. தம்பி, இடிச்ச மூண்டு தரமும் பின்னுக்கு ஆர் இருந்தது எண்டு கேளுங்கோ."

"ஆர் இருந்தது?"

"வேலணையில மதிலோடை அடிச்ச நாள் பின்னுக்கு இருந்தது ஒரு அரசாங்கக் கிளாக்கர். கச்சேரியிலை வேலைக்கு நேரம் போச்சுதாம், கெதியா விடு, கெதியா விடு எண்டு கத்திக்கொண்டு வந்தவர். மாட்டை அடிச்ச நாள் மெயில் ரெயிலுக்குப் போற ஆள். அவரும் கெதியா, கெதியா. கலியாணத்து நாள் மாப்பிள்ளைத் தோழன். முகூர்த்தம் தப்பினால் உன்னட்டைத்தான் கேப்பன் எண்டு வெருட்டினவன். இந்த மனுசனுக்குக் கார் ஓடத் தெரியும் தம்பி. மாட்டன் எண்டு சொல்லத்தான் தெரியாது. பின்னுக்கு இருந்து ஆர் கத்தினாலும் கால் தானாக அமத்தும்."

மரியதாஸ் மறுக்கவில்லை. "ஹயருக்குப் பிடிச்ச ஆக்களிட்டை எப்பிடி மாட்டன் எண்டுறது?" என்று மட்டும் முணுமுணுத்தார். "பேந்து ஆர் என்ரை காரிலை ஏறுவினம்?"

நான் அந்த மூன்று விபத்துக்களின் அறிக்கைகளையும் அவருடைய பழைய கம்பெனியின் முகவரிடம் முதல் நாள் பின்னேரமே வாங்கி வாசித்திருந்தேன். வேகம், வெளிச்சம், றோட்டின் நிலைமை, பிறேக்கின் நிலைமை எல்லாம் கேட்டிருந்தார்கள். காரில் இருந்தவர்களில் அவசரப்பட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டுமென்று எனக்கும் தோன்றியிருக்காது. அந்த மனுசி கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போயிருந்தால், நானும் மற்றவர்களைப்போல மூன்று என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன்.

அன்று பின்னேரம் மூன்று பேருமாக இருந்து ஒரு ஒழுங்கு செய்தோம். காரைப் பிடிக்க வருகிறவர்கள் இனி மரியதாசோடு கதைக்கத் தேவையில்லை, ஞானம்மாவோடு கதைக்கவேண்டும். எத்தனை மணிக்கு ரெயில் என்று சொன்னால், எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடவேண்டும் என்று அவர் சொல்லுவார். அந்த நேரத்துக்கு ஆயத்தமில்லை என்றால் வேறு கார் பார்க்கலாம். சேதம் வந்தால் அதில் முதல் ஒரு பங்கை மரியதாசே தாங்குவார், மிச்சத்துக்குத்தான் கம்பெனி. தன் கையால் இடித்தால் தன் சட்டைப்பையும் நோகும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அவரை ஒரு கம்பெனி கொஞ்சமாவது நம்பும். பட்டணத்தில் ஒரு நல்ல கராஜ்காரரைக் கொண்டு காரைச் சோதித்துச் சான்று வாங்குவது என்றும் முடிவு செய்தோம்.

"எல்லாஞ் சரி," என்றார் ஞானம்மா. "இவர் காருக்குள்ளை ஏறினாப்பிறகு நான் பக்கத்திலை இருக்கமாட்டனே. அங்கை ஆர் மாட்டன் எண்டு சொல்லுறது?"

மரியதாஸ் நிலத்தைப் பார்த்தபடி, "சொல்லுவன்," என்றார். அவர் சொன்ன விதத்தில் எங்கள் இருவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

எல்லாவற்றையும் விபரமாகக் கொழும்புக்கு எழுதினேன். பதில் கெதியாகவே வந்தது. இரண்டு வரி. முடியாது என்பதை மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

பழைய பத்திரம் முடிய ஒரு கிழமைகூட இல்லாத நேரத்தில்தான் அந்தச் சந்தர்ப்பம் வந்தது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்களிடம் காப்புறுதி செய்திருந்த ஒரு களஞ்சியம் எரிந்துபோயிற்று. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து எங்கள் மனேச்சரே வந்தார். அந்த இரண்டு வரியில் கையெழுத்து வைத்த அதே ஆள். பூர்வீகம் வலிகாமம் என்றாலும் வளர்ந்ததெல்லாம் கொழும்பில். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து, வேண்டாத சொல் ஒன்றும் பேசாதவர். அவரைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு வாடகைக் கார் பிடிக்கவேண்டியது என்னுடைய வேலை.

நான் மரியதாசின் காரைப் பிடித்தேன்.

ஒளித்துப் பிடிக்கவில்லை. இதை நன்றாகக் கேளுங்கள். ஏறமுதலே சொன்னேன்: "ஐயா, நீங்கள் மறுத்த கார் இதுதான். இவர்தான் மரியதாஸ். விருப்பமில்லை எண்டால் வேறை கார் பிடிக்கிறன்."

மனேச்சர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மரியதாசை மேலும் கீழும் பார்த்தார். "நீர் பகிடிக்காரன்தான்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பின்சீற்றில் ஏறிக்கொண்டார்.

போகும்போது நல்ல வெயில். கார் அழகாகப் போனது. எரிந்த களஞ்சியத்தைப் பார்த்து, ஆட்களோடு கதைத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் வானம் கறுத்துவிட்டது. ஐப்பசி மாதம். நாங்கள் திரும்ப வெளிக்கிட்டபோது வாடைக்காற்றோடு மழை பிடித்தது. வேலணை தாண்ட, முன்கண்ணாடியில் வைப்பர் போட்டும் ஒன்றும் தெரியவில்லை. மரியதாஸ் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். மனேச்சர் கைமணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். அன்றிரவு மெயிலில் அவர் கொழும்புக்குத் திரும்பவேண்டும். விடிந்தால் அங்கே பெரிய கூட்டம்.

அல்லைப்பிட்டி தாண்டித் தாம்போதி தொடங்கும் இடத்துக்கு வந்தோம். மரியதாஸ் காரை நிறுத்தினார்.

முன்னால் றோட்டு இல்லை. வடக்கிலிருந்து காற்று களப்புத் தண்ணீரை அள்ளித் தாம்போதிக்கு மேலால் எறிந்துகொண்டிருந்தது. எது றோட்டு, எது கடல் என்று பிரித்துப் பார்க்க ஏலாது. ஓரத்தில் நட்டிருந்த கற்கள் இடைக்கிடை தலை காட்டி மறைந்தன.

"ஏன் நிற்பாட்டினது?" என்றார் மனேச்சர்.

"தண்ணி ஐயா. ஓரம் தெரியேல்லை. கொஞ்சம் வடியட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"சொல்லத் தெரியாது ஐயா."

"எனக்கு ரெயில் இருக்கு. மெல்லமாக விடும்."

மரியதாஸ் முன்னால் தண்ணீரைப் பார்த்தார். கை இரண்டும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தன. பின்னுக்கு இருந்து ஆர் கத்தினாலும் கால் தானாக அமத்தும் என்று அந்த மனுசி சொன்னது எனக்குள் ஓடியது. பின்னால் இருக்கிறவரோ சாதாரண ஆளும் இல்லை. இவருடைய காரும் சோறும் அந்த மனிதரின் பேனை நுனியில் இருக்கிறது. அது மரியதாசுக்கும் தெரியும்.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு லொறி வந்தது. எங்களை விலத்திக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி தண்ணீருக்குள் இறங்கியது. சில்லின் பாதி மூடத் தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். லொறி ஆடி ஆடிப் போய் மழைக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கால் தூரத்தில் மேடான இடத்தில் ஏறுவது மங்கலாகத் தெரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீரோ?" என்றார் மனேச்சர். "அது போயிட்டுது. கெதியா விடும் இப்ப."

அந்தச் சொல்லும் வந்துவிட்டது.

மரியதாஸ் கையை ஸ்ரியறிங்கிலிருந்து எடுத்தார். எஞ்சினை நிற்பாட்டினார். திறப்பை இழுத்துச் சேட்டுப் பைக்குள் போட்டார். பிறகு திரும்பி மனேச்சரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலாது ஐயா. நான் ஓடமாட்டன்."

அவருடைய குரல் நடுங்கவில்லை.

மனேச்சர் என்னைப் பார்த்தார். "நீர்தானே இந்தக் காரைப் பிடிச்சது? சொல்லும் இவருக்கு."

இந்த இடத்தில் நீங்கள் என்னுடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகவில்லை. கேட்கிறவர் என்னை வேலைக்கு எடுத்தவர். ஒரு சொல் சொன்னால் மரியதாஸ் ஓட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். எனக்கு மறுக்கிற அளவுக்கு அவரிடம் பலம் மிச்சம் இருந்திருக்காது. லொறி போனதுபோல நாங்களும் போய்ச் சேர்ந்திருக்கலாம். மனேச்சர் ரெயிலைப் பிடித்திருப்பார், சந்தோசப்பட்டிருப்பார், ஒருவேளை கையெழுத்தும் வைத்திருப்பார்.

ஆனால் நான் அந்தக் கம்பெனிக்கு விற்கவந்தது, அவசரப்படுத்தினால் மறுக்கக்கூடிய ஒரு சாரதியை. கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதையே நான் இப்போது கெடுத்தால், பிறகு என்னுடைய கடிதத்துக்கு என்ன மதிப்பு?

"ஐயா," என்றேன். "காருக்குள்ளை ஏறினால் முடிவு அவருடையது. நான் சொல்லமாட்டன்."

மனேச்சர் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கினார். கதவை அறைந்து சாத்தினார். கொஞ்சத் தூரம் நடந்து தண்ணீர் ஓரத்தில் நின்றார். கறுப்புச் சப்பாத்தை அலை வந்து நனைத்தது. பிறகு திரும்பி வந்து, பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போய் வாங்குப் பலகையில் இருந்தார். நாங்களும் பின்னால் போனோம். கடைக்காரர் வைத்த தேத்தண்ணியை மனேச்சர் தொடவில்லை. மரியதாஸ் வாசலில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பட்டது. அவருக்கு வள்ளம். எனக்கு வேறு வேலை.

பொழுதுபடுகிற நேரம் காற்று விழுந்தது. ஓரக் கற்கள் முழுக்கத் தெரிந்த பிறகுதான் மரியதாஸ் காரை எடுத்தார். பட்டணத்துக்குள் வந்து சேர, ரெயில் போய்விட்டது. மனேச்சரை அவர் தங்கும் இடத்தில் இறக்கினோம். வாடகைக் காசை மரியதாஸ் வாங்க மறுத்தார். மனேச்சர் அதைச் சீற்றில் வைத்துவிட்டு உள்ளே போனார். இரவு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

விடிய எனக்கு ஆள் வந்தது, உடனே வரட்டாம். போனேன். மனேச்சர் விறாந்தையில் கதிரையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். சப்பாத்து இரண்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"இரும்," என்றார். "நேற்று அந்த லொறி போயிட்டுதெல்லே?"

"ஓம் ஐயா."

"நாங்களும் போயிருக்கலாம்."

"ஓம் ஐயா. போயிருக்கலாம்."

"இரவு முழுக்க உம்மிலையும் அவரிலையும் கோவமாய்த்தான் இருந்தனான். பேந்து யோசிச்சுப் பாத்தன். அந்த லொறி இண்டைக்குப் போச்சுது, நாளைக்கும் போகும். ஒருநாள் போகாது. நான் கையெழுத்து வைக்கிறது ஒரு நாளைக்கு இல்லை, முழு வருசத்துக்கு. அந்த லொறிக்காரனுக்கு நான் வைக்கமாட்டன்." கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நேற்று அந்த மனுசனுக்கு என்னை விட வேண்டப்பட்ட ஆள் இந்த உலகத்திலை இல்லை. எனக்கே மாட்டன் எண்டு சொன்னவர் வேறை ஆருக்கு ஓம் எண்டுவார்? கொண்டாரும் கடுதாசியை."

அவருடைய பேனை ஓடியது. வழமையான கட்டுப்பணத்துக்கு மேலே சிறிய ஒரு தொகை மட்டும் கூட்டினார். சேதத்தின் முதற்பங்கை மரியதாஸ் தாங்குவது என்று நாங்கள் எழுதினதை அப்படியே வைத்துக்கொண்டார். ஒரு வருசம் விபத்தில்லாமல் போனால் கூட்டின தொகையை எடுத்துவிடலாம் என்றும் ஓரத்தில் எழுதினார். மற்றக் கம்பெனி கேட்ட தொகைக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை.

பிள்ளைகள், அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய பத்திரங்களில் கையெழுத்து வாங்கினேன். கப்பல், ஆலை, மாடிக் கட்டடம் என்று. அரசாங்கம் தொழிலை எடுத்த பிறகும் எண்பதுகளின் தொடக்கம் வரைக்கும் அதே மேசையில்தான் இருந்தேன். மரியதாஸ் அந்த ஆண்டுகளில் ஒரு நட்டஈடும் கேட்டு வரவில்லை. கூட்டின தொகை அடுத்த வருசமே போயிற்று. அதற்கடுத்த வருசம் கட்டுப்பணத்திலேயே கழிவு கிடைத்தது. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்து என்னிடம் வந்தார்கள். முதலில் கையை விரித்த கம்பெனியின் முகவர்கூட ஒருநாள் அந்த முற்றத்தில் போய் நின்றாராம், எங்களிடம் வாருங்கோ, இன்னும் குறைத்துத் தருகிறோம் என்று. ஞானம்மா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வழியனுப்பி வைத்தாராம்.

ஒருவரின் பதிவு கெட்டுப்போயிருந்தால், எத்தனை தரம் என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள், அவரிடம் மட்டுமல்ல, அவரோடு வாழ்கிறவர்களிடமும். அந்தக் காரணத்தை மாற்ற ஏலுமென்றால், மாற்றிக் காட்டி, மறைக்காமல் எழுதி, வாசல் வாசலாக ஏறுங்கள். மாற்ற ஏலாதென்றால் நீங்களே முதல் ஆளாக மறுத்துவிடுங்கள். பேரை மாற்றி எழுதுகிற வழிக்கு மட்டும் போகாதீர்கள்.

மனேச்சர் கையெழுத்து வைத்த கடுதாசியை நானே அன்றைக்கே கொண்டுபோனேன். நான் பஸ்ஸால் இறங்கி நடந்து வருவதைக் கண்டதும் மரியதாஸ் முற்றத்தில் எழும்பி நின்றார். நல்ல செய்தி இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கடுதாசியைக் கையில் கொடுத்தேன். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். ஞானம்மாவைக் கூப்பிடக் குசினிப் பக்கம் திரும்பினார். அந்த மனுசி தானாகவே வெளியே வந்து, கடுதாசியைப் பறித்து வாசித்து, "என்ரை மாதாவே!" என்று போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

என்னைப் பஸ்ஸில் திரும்ப விடவில்லை. கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு ஞானம்மா பின்சீற்றில் ஏறினார். அந்தக் காரில் ஒரு பிரயாணியாக அவர் ஏறியது அதுதான் முதல் தரமாம். நான் முன்னுக்கு இருந்தேன். மழை விட்ட வானம். தாம்போதியில் இரண்டு பக்கமும் களப்பு கண்ணாடிபோலக் கிடந்தது. மரியதாஸ் ஆடாமல் அசையாமல் மெல்ல ஓட்டினார். பின்னால் பஸ் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் மீன் ஏற்றின லொறி ஒன்று, இன்னும் ஒரு கார். விலத்த இடமில்லை. ஹோர்ன் சத்தம் காதை அடைத்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. கையை வெளியே நீட்டி, பொறுங்கோ என்று காட்டினார்.

தாம்போதி முடிகிற இடத்தில் றோட்டு அகன்றதும் பஸ் எங்களுக்குப் பக்கத்தில் வந்தது. பஸ் சாரதி ஏசுவதற்கென்றே தலையை வெளியே போட்டவர், ஆள் ஆரென்று கண்டுகொண்டார்.

"மரியதாஸ் அண்ணை! மெய்யே, கிடைச்சிட்டுதோ?"

"கிடைச்சிட்டுது!" என்று கத்தியது ஞானம்மா. கடுதாசியைப் பின் யன்னலால் பிடித்து ஆட்டினார்.

பஸ்ஸுக்குள் இருந்த தீவுச் சனம் ஒரே ஆரவாரம். பஸ் எங்களை முந்தவில்லை. பின்னால் ஒதுங்கி, நாங்கள் போகிற அதே வேகத்தில், ஹோர்ன் அடித்து அடித்துக்கொண்டே வந்தது. லொறிக்காரனும் அடித்தான். கோட்டை வாசலில் நின்றவர்கள் எந்த வீட்டுக் கலியாணம் என்று கேட்டார்கள். அப்படியே பட்டணத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். முன்னுக்குப் பச்சை ஒஸ்ரின் கார், பின்னால் ஒரு ஊர்வலம்.